இடது கண்ணாடி விளக்கு

வண்டி பொய் சொல்கிறது என்கிற முடிவுக்குத் தெய்வநாயகம் கயத்தாறு வருவதற்கு முன்பாகவே வந்துவிட்டார். இடது பக்கக் கண்ணாடியின் ஓரத்தில் அந்தச் சின்ன ஆரஞ்சு விளக்கு மறுபடியும் எரிந்தது. கீக் கீக் என்று இரண்டு சத்தம். பக்கத்தில் யாரோ வருகிறார்கள், ஒதுங்காதே என்று அதற்கு அர்த்தம். அவர் கண்ணாடியைப் பார்த்தார். விட்டுவந்த சாலை, ஓரத்தில் கருவேலங்காடு, அதன்மேல் காலை வெயில். வேறொன்றும் இல்லை. கோவில்பட்டியிலிருந்து புறப்பட்ட பிறகு இது எத்தனையாவது தடவை என்று அவர் எண்ணவில்லை. ஆனால் வலது பக்கத்து விளக்கு ஒரு தடவைகூட வீணாக எரியவில்லை என்பதை மனசில் குறித்து வைத்திருந்தார். எடை, அளவைகளைச் சோதிக்கிற ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அரிசிக்கடைத் தராசு, நகைக்கடைத் தராசு, பெட்ரோல் பங்க் மீட்டர், மண்ணெண்ணெய் ஊற்றும் லிட்டர் குவளை என்று எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்த்து முத்திரை குத்தியவர். கெட்டுப்போன தராசு இரண்டு பக்கமும் தப்பும், ஏமாற்றுகிற தராசு ஒரே பக்கமாகத்தான் தப்பும் என்பது அவராகக் கண்டுபிடித்த விதி. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கெட்டுப்போனது பாவம், பழுது பார்த்துக் கொண்டுவா என்று சொல்லிவிடலாம். ஒரே பக்கமாகத் தப்புகிறதற்குப் பின்னால் ஒரு ஆளின் கை இருக்கும். தட்டுக்கு அடியில் ஒட்டவைத்த புளி இருக்கும். இந்த வண்டி இடது பக்கமாக மட்டும் தப்புகிறது. அப்படியென்றால் புளி எங்கே ஒட்டியிருக்கிறது.

வண்டி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. சீட்டுகளின் பிளாஸ்டிக் உறையை அவர் இன்னும் கழற்றவிடவில்லை. உட்கார்ந்தால் கிறீச்சென்று சத்தம் கேட்கும். மனைவி செண்பகத்தின் பட்டுச் சேலைக்கு அது ஒத்துவரவில்லை, வழுக்குகிறது என்று முதல் நாளே சொன்னாள். வழுக்கினால் வழுக்கட்டும். பத்தொன்பது வருஷம் அந்தச் சின்ன வண்டியில் முட்டியை இடித்துக்கொண்டு போய்வந்தாயிற்று. ஓய்வுக்குப் பிறகு ஒரு நல்ல செடான், நாலு பேர் வசதியாக உட்கார்ந்து ராமேஸ்வரம், குற்றாலம், மகள் வீடு என்று போகிற மாதிரி. அவர் கேட்டது அவ்வளவுதான். டர்போ வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. ஷோரூம் பையன்தான் அதைச் சொல்லிச் சொல்லித் தலையில் கட்டினான். புகை வெளியே போகிற வேகத்திலேயே ஒரு சக்கரத்தைச் சுற்றவைத்து, அந்தச் சக்கரம் காற்றை அமுக்கி உள்ளே தள்ளுமாம். வெளியே போக வேண்டியதை வைத்தே உள்ளே வேலை வாங்குவது. இதைக் கேட்டபோதே அவருக்கு ஒரு மாதிரியாக இருந்தது. எங்கேயோ கணக்கு இடிக்கிறது, சும்மா யாரும் கூடுதலாக நிறுத்துப் போடமாட்டான். ஓட்டிப் பார்த்தால் இன்னும் சந்தேகம். மிதித்தால் முதலில் ஒன்றும் நடப்பதில்லை. கூப்பிட்ட குரலுக்குத் திரும்பாமல் ஏதோ யோசனையில் இருக்கிற ஆள் மாதிரி வண்டி அப்படியே இருக்கும். இன்னும் கொஞ்சம் மிதிப்போம் என்று மிதிக்கும்போது, முன்னால் மிதித்ததற்கும் சேர்த்துப் பின்னாலிருந்து யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுகிற மாதிரி பாயும். அந்த நேரத்தில் முன்பக்கத்திலிருந்து பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சுகிற மாதிரி மெல்லிய ஒரு விசில். செண்பகத்துக்கு அது கேட்பதில்லை என்கிறாள். கேட்கவில்லையா, கேட்காத மாதிரி இருக்கிறாளா. இத்தனைக்கும் வீட்டில் மூன்றாவது அறையில் பால் பொங்குகிற சத்தம் அவளுக்குக் கேட்கும்.

இன்றைக்குத் திரும்பி வரும்போது பின்சீட்டில் பேத்தி இருப்பாள். அதுதான். பாளையங்கோட்டையில் மகள் தமயந்தி வீட்டில் மதியச் சாப்பாடு, பிறகு குழந்தை இளநிலாவை ஒரு வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு வருவதாகப் பேச்சு. குழந்தைக்கான தனிச் சீட்டை நேற்றே பின்னால் பொருத்தியாயிற்று. பொருத்தினவளும் செண்பகம்தான். புத்தகத்தில் போட்டிருக்கிற படத்தைப் பார்த்து வாரை எங்கே நுழைக்க வேண்டும், எதை இழுத்துப் பூட்ட வேண்டும் என்று எல்லாம் அவளே செய்தாள். இத்தனை தெளிவாக இவள் எப்போது ஆனாள். குழந்தையை இந்த வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் இந்த விளக்கு விவகாரத்தைத் தீர்த்துவிட வேண்டும் என்று அவர் நினைத்துக்கொண்டார். பொய் சொல்கிற கருவியை வைத்துக்கொண்டு குழந்தையை ஏற்றக் கூடாது. கருவிதான், கருவிதான் என்று இரண்டாம் தடவையும் சொல்லிக்கொண்டார். ஒரு சொல்லை இரண்டு தடவை சொல்கிற வியாபாரியை அவர் எப்போதும் தனியாகக் கூப்பிட்டு விசாரிப்பார்.

கயத்தாறு பாலத்தின்மேல் வண்டி ஏறியது. வெயில் இடது பக்கமிருந்து சாய்வாக வந்து செண்பகத்தின் பக்கம் முழுவதையும் வெளுத்துப்போட்டது. அவள் மடியில் அவித்த நிலக்கடலைப் பொட்டலம் இருக்கிறது. தொலி உடைகிற சத்தம் கேட்கிறது, உப்பு வாசனை வருகிறது. கல்யாணமான புதிதில் திருநெல்வேலி பஸ்ஸில் போகும்போதே அது ஒரு பழக்கம். அவள் உரித்து உள்ளங்கையில் வைத்து நீட்டுவாள், அவர் பார்க்காமலே எடுத்துப் போட்டுக்கொள்வார். ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. பழைய வண்டியிலும் அப்படித்தான். சிக்னலில், ரயில்வே கேட்டில் என்று அந்தக் கை வந்து நிற்கும். இப்போது வருவதில்லை. எப்போது நின்றது என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. போன வருஷம் ஒரு நாள் நினைவு வந்து, கடலை இருக்கா என்று கேட்டபோது, தின்னுட்டேன் என்றாள். அந்தக் குரல் அவருக்குப் பிடிக்கவில்லை. கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை, ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்கிற குரல். அவரே எத்தனையோ கடைக்காரர்களிடம் அந்தக் குரலில் பேசியிருக்கிறார். அன்றிலிருந்து அவர் கேட்பதில்லை. கேட்டு வாங்குவதற்கு அது என்ன ரேஷன் சாமானா. முப்பத்தி நாலு வருஷத்துக்கு அப்புறம் ஒருத்தி உரித்த கடலையைத் தானே தின்கிறாள் என்றால் அவள் மனசில் என்னவோ முடிவாகிவிட்டது என்று பொருள். என்னவென்றுதான் தெரியவில்லை. பக்கத்தில் தொலி உடைந்தது. அவர் நேராகப் பார்த்து ஓட்டினார்.

முதலில் காட்டிக்கொடுத்தது உள்கண்ணாடி. ஒரு புதன்கிழமை காலையில் ஏறி உட்கார்ந்தால் பின்பக்கத்துச் சாலை தெரிய வேண்டிய கண்ணாடியில் பின்சீட்டின் மெத்தை தெரிந்தது. கீழே சாய்ந்திருக்கிறது. யாரோ குட்டையான ஆள், தன் கண்ணுக்குத் தகுந்தபடி திருப்பியிருக்கிறார்கள். வண்டி கழுவ வருகிற ஆரோக்கியம் துடைக்கும்போது இடித்திருப்பான் என்று அவனைக் கேட்டார். அவன், சார், நான் உள்ளயே கை வைக்கிறதில்ல, நீங்கதான் பூட்டிச் சாவியக் கொண்டு போயிருதீயளே என்றான். அதுவும் சரி. சாவி வீட்டுக்குள் ஆணியில் தொங்குகிறது. ஷோரூம்காரர்கள் தங்களிடம் ஒரு மாற்றுச்சாவி வைத்துக்கொண்டு ராத்திரி வந்து ஓட்டுகிறார்களா என்றுகூட ஒரு நாள் யோசனை போயிற்று, பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது. அடுத்தது அந்த மதியம். சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் பாதித் தூக்கத்தில் இருந்தார். வெளியே போர்ட்டிகோவில் ஒரு எஞ்சின் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. நகரவில்லை, உறுமவில்லை. அமைதியாக, பொறுமையாக, தொண்டைக்குள்ளேயே முனகுகிற மாதிரி ஓடிவிட்டு ஒரு நிமிஷம் கழித்து நின்றது. பக்கத்து வீட்டு வண்டியாக இருக்கும் என்று புரண்டு படுத்தார். சாயங்காலம் காப்பி குடிக்கும்போதுதான் உறைத்தது. பக்கத்து வீட்டுக்காரன் வண்டியை நிறுத்தின கையோடு அணைத்துவிடுவான். ஊரில் எல்லோரும் அப்படித்தான். டர்போ வண்டியை மட்டும்தான் உடனே அணைக்கக் கூடாது, உள்ளே அந்தச் சக்கரம் சூட்டோடு சுற்றிக்கொண்டிருக்கும், ஒரு நிமிஷம் விட்டு ஆறவைத்து அணையுங்கள் என்று ஷோரூம் பையன் சாவி கொடுக்கும்போது சொன்னான். தெய்வநாயகம் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். எங்கே போனாலும் நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்திருப்பார். மகள் வீட்டு வாசலில், கோயில் வாசலில், கல்யாண மண்டபத்தில் வரவேற்பவர்கள் சந்தனக்கிண்ணத்தோடு நிற்கும்போதும். பையன் அதைச் சொன்னபோது கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இரண்டே பேர். ஒன்று அவர்.

இதற்கு அப்புறம் யோசனை போகிற பாதை அவருக்கே பிடிக்கவில்லை. ஆனால் போயிற்று. செண்பகம் தை மாசத்திலிருந்து யோகா வகுப்புக்குப் போகிறாள். நாடார் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மண்டபத்தில் நடக்கிறது, பெண்களுக்கு மட்டும் என்றாள். ஊதா நிறத்தில் ஒரு பாய் வாங்கினாள். அந்தப் பாயைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட், அதில் எட்டு மாதிரி ஒரு முறுக்கு. அவர் சும்மாதான் பார்த்தார். மறுவாரமும் அதே முறுக்கு, அதே இடத்தில். விரித்துச் சுருட்டின பாயில் ரப்பர் பேண்ட் ஒருபோதும் அதே இடத்தில் விழாது. முத்திரை உடைக்காத பெட்ரோல் பங்க் மீட்டர் மாதிரி அந்தப் பாய் அப்படியே இருந்தது. வகுப்பிலிருந்து வந்ததும் வலது காலின் கெண்டைச்சதையைத் தேய்த்துக்கொள்வாள். இடது காலைத் தேய்ப்பதில்லை. கேட்டுவிட்டால் என்ன என்று பல தடவை வாய் வரைக்கும் வந்தது. கேட்டால் பதில் வந்துவிடும். எத்தனையோ கடைகளில் தராசைத் தூக்கிப் பார்க்காமலே, இவன் நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்துவிடலாமா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு தடவைகூட வந்ததில்லை. சொந்த வீட்டுக் கூடத்தில் மட்டும் அப்படி வந்துகொண்டிருந்தார்.

கயத்தாறு தாண்டியதும் காற்றாலைகள் ஆரம்பித்தன. வலது பக்கத்தில் அவை ஒவ்வொன்றாக, முழுசாக, இறக்கைகளைச் சுற்றிக்கொண்டு வந்து முறையாகப் பின்னால் போயின. இடது பக்கத்தில் ஒன்று தூரத்தில் தெரிந்தது, பக்கத்தில் வந்தது, அதன் பிறகு இல்லை. போனதைப் பார்க்கவில்லை. துடைத்துவிட்ட மாதிரி. கண்ணை மட்டும் திருப்பினால் அது மறுபடியும் இருந்தது, பழையபடி சுற்றிக்கொண்டு. வெயில்தான். இடது பக்கம் முழுக்க வெயில், கிழக்குப் பார்த்த கண்ணாடியில் அப்படித்தான் இருக்கும். திரும்பி வரும்போது சாயங்கால வெயிலும் இடது பக்கம்தானே விழும் என்று எங்கேயோ ஒரு குரல் சொல்லிற்று. வரும்போதும் வெயில், போகும்போதும் வெயில். எல்லாமே இடது பக்கத்தில். வண்டிக்குப் பூசை போட்டு நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தபோது மூன்று பழம் நசுங்கியது, இடது முன்சக்கரத்துப் பழம் மட்டும் உருண்டு ஓடிப்போயிற்று. பூசாரி அதை எடுத்துத் திரும்ப வைக்கவில்லை. செண்பகம் குனிந்து எடுத்து முந்தானையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டாள். அடுத்த வாரம் மார்க்கெட் தெருவுக்குத் திரும்பும்போது விளக்கு எரிந்தது, கீக் கீக் என்றது, அவர் திருப்பினார், ஒரு கை பின்கதவில் டம்மென்று அடித்தது. எங்கிருந்தோ முளைத்த சைக்கிள்காரன். கீழே விழவில்லை. ஜன்னல் பக்கம் குனிந்து, கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு என்று கேட்டுவிட்டுப் போனான். கேட்டது அவரிடம். ஆனால் செண்பகத்தின் முகத்துக்கு நேராகக் குனிந்து கேட்டான். பின்கதவில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். ஷோரூமிலிருந்து வரும்போதே இருந்தது, நான் அன்றைக்கே பார்த்தேன் என்று அவர் சொன்னார். அவள் சரி என்றாள்.

சரி என்று சொல்கிறவளை என்ன செய்வது. கண் ஆஸ்பத்திரியிலும் அப்படித்தான் சொன்னாள். புரட்டாசியில், மூக்குக் கண்ணாடியை மாற்றத்தான் போனார்கள். டாக்டர் என்னவோ சந்தேகப்பட்டு ஒரு மெஷினில் உட்காரவைத்தார். இருட்டு அறை. தாடையை ஒரு தாங்கியில் வைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடி, ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் பார்க்க வேண்டும். நடுவில் மஞ்சள் புள்ளி, அதை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. சுற்றிலும் எங்கேயாவது வெளிச்சப் பொட்டு வரும், வந்தால் கையிலிருக்கிற பொத்தானை அமுக்க வேண்டும். வந்தது, அமுக்கினார். வந்தது, அமுக்கினார். பிறகு ரொம்ப நேரம் வரவில்லை. மெஷின் மட்டும் உள்ளுக்குள் டிக், டிக் என்று எதையோ செய்துகொண்டிருந்தது. ஒவ்வொரு டிக்குக்கும் ஒரு வெளிச்சம் எங்கேயோ விழுகிறது, தனக்குத்தான் தெரியவில்லை என்று அவருக்குப் புரிந்துபோயிற்று. வாழ்நாள் முழுக்கக் கருவிகளைச் சோதித்தவர், அந்த இருட்டுக்குள் ஒரு கருவியின் தாளத்தைப் பிடித்துக்கொண்டு, டிக் கேட்டதும் அமுக்க ஆரம்பித்தார். மறுகண்ணுக்கும் அப்படியே. நன்றாகத்தான் செய்தோம் என்று நினைத்து வெளியே வந்தபோது மெஷினைப் பார்த்துக்கொள்கிற பெண், ஐயா வெளிச்சம் வராதப்பவும் அமுக்கியிருக்கீங்க, மெஷின் அதையும் எழுதிருக்கு என்று சிரித்தாள். பொய் சொல்கிறார்களா என்று பார்க்க நடுநடுவே வெளிச்சம் போடாமலும் டிக் வைப்பார்களாம். அவர் கடைகளுக்குக் கொண்டுபோகிற சோதனைக் கல் மாதிரி. டாக்டர், இந்த முடிவை நம்ப முடியாது, அடுத்த மாதம் வந்து மறுபடியும் செய்யுங்கள் என்றார். வண்டி ஓட்டுவீர்களா என்று கேட்டார். இல்லை என்று இவர் சொன்னார். ஏன் அப்படிச் சொன்னோம் என்று படியிறங்கும்போது யோசித்தார். செண்பகத்திடம், கண்ணில் ஒன்றும் இல்லை, மெஷின்தான் கோளாறு என்றார். அவள் சரி என்றாள். அடுத்த மாதம் போகவில்லை. ஆனால் படி இறங்குவதற்கு முன்னால், அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண் செண்பகத்தின் பக்கத்தில் நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். அது என்ன பேச்சு.

விளக்கு எரிந்தது. கீக் கீக். அவர் கண்ணாடியைப் பார்த்தார், சாலை காலியாக இருந்தது. முன்னால் லாரி மெதுவாகப் போனதால் இடது பக்கமாக ஒதுங்கித் தாண்டலாம் என்று ஸ்டீயரிங்கை லேசாகத் திருப்பினார். கீக் கீக் கீக் என்று விடாமல் அடித்தது, ஸ்டீயரிங் அவர் கைக்குள் தானாக ஒரு நடுக்கம் நடுங்கியது. செண்பகம் அவர் முழங்கையைப் பிடித்தாள். அவர் திருப்பினதை விட்டார். ஒரு மோட்டார் சைக்கிள் அவருடைய முன்கண்ணாடியின் இடது மூலையிலிருந்து முளைத்தது. ஒரு ஆண், பின்னால் ஒரு பெண், நடுவில் சின்னக் குழந்தை ஒன்று. சிவப்பு கவுன். போகிற போக்கில் அந்தப் பெண் திரும்பி இவர்கள் வண்டியைப் பார்த்தாள். திட்டவில்லை. அந்த மோட்டார் சைக்கிள் இவ்வளவு நேரமும் எங்கே இருந்தது. கண்ணாடியில் இல்லை. ஜன்னலில் இல்லை. செண்பகத்தின் தோளுக்கு அந்தப் பக்கம், எட்டித் தொடுகிற தூரத்தில்தான் இருந்திருக்க வேண்டும். அவள் அதைப் பார்த்துக்கொண்டே வந்திருக்க வேண்டும். வண்டியும் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறது. ஏமாற்றுகிற தராசு ஒரே பக்கமாகத்தான் தப்பும். அந்த விதி இப்போது யாரும் கூப்பிடாமல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. தப்பு ஒரு பக்கமாகத்தான் இருக்கிறது. கருவிகள் இந்த வண்டிக்குள் இரண்டு, அவர் இதுவரைக்கும் ஒன்றைத்தான் சோதித்திருக்கிறார்.

கங்கைகொண்டானுக்கு முன்னால் ஒரு பனைமரத்து நிழலில் நுங்கு வைத்திருந்தார்கள். நிறுத்துங்க, பிள்ளைக்கு நுங்கு வாங்கணும் என்று செண்பகம் சொன்னாள். அவர் ஓரம் கட்டினார். அவள் இறங்கிப் போனாள். கடலைத் தொலி அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் காகிதத்தில் குவிந்திருந்தது. எஞ்சினை அணைக்காமல் அவர் வழக்கம்போல உட்கார்ந்திருந்தார். ஆறட்டும். உள்ளே அந்தச் சக்கரம் வேகம் குறைந்து சுற்றிக்கொண்டிருக்கும், ஓடினது நின்ற பிறகும் சூடு உடனே போகாது. சிவப்பு கவுன் கண்ணைவிட்டுப் போகவில்லை. கதவின் உள்பக்கத்தில் மூன்று பொத்தான்கள் இருந்தன. சீட்டுக்கு ஞாபகம் உண்டு, ஒன்றை அமுக்கினால் உங்கள் உயரத்துக்கு அதுவே வந்து நிற்கும் என்று ஷோரூமிலேயே அவருடைய அளவை ஒன்றாம் எண்ணில் பதிந்து கொடுத்தார்கள். அவர் தினமும் ஏறினதும் ஒன்றைத்தான் அமுக்குவார். இரண்டைத் தொட்டதில்லை. தொட வேண்டிய அவசியம் இல்லை, யாருடைய அளவும் அதில் இல்லை. அவருடைய விரல் இரண்டாம் பொத்தான்மேல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு கடையைவிட்டு வெளியே வந்துவிடலாம். அமுக்கினார்.

சீட்டு நகர்ந்தது. முனகிக்கொண்டு, அவசரமே இல்லாமல், முன்னால் போயிற்று. முட்டி ஸ்டீயரிங்கில் இடித்தது, நிற்கவில்லை. பிறகு மேலே தூக்கிற்று, தலை கூரையைத் தொடுகிற வரைக்கும். முதுகுப்பக்கம் நிமிர்ந்து அவரை முன்னால் தள்ளியது. வெளிக்கண்ணாடிகள் இரண்டும் தாமாகவே கீழே குனிந்தன. வயிறு ஸ்டீயரிங்கில் ஒட்டிக்கொண்ட நிலையில் எல்லாம் நின்றது. அந்த உயரம் அவருக்குத் தெரியும். அந்தக் கை நீளம் தெரியும். முப்பத்தி நாலு வருஷமாக எந்தக் கொடியை எவ்வளவு உயரத்தில் கட்ட வேண்டும், எந்த டப்பாவை எந்தப் பலகையில் வைத்தால் எட்டாது என்று வீடு முழுக்க அந்த அளவில்தான் இருந்தது. இந்த உடம்பு இந்தச் சீட்டில் எத்தனை நாள் உட்கார்ந்து, கொஞ்சம் முன்னால், இன்னும் கொஞ்சம் மேலே என்று பார்த்துப் பார்த்துச் சரிசெய்து இந்த இடத்துக்கு வந்திருக்கிறது. ஊதாப் பாய் நினைவுக்கு வந்தது. வலது கெண்டைக்கால் நினைவுக்கு வந்தது. மதியத் தூக்கத்தில், அவர் எழுந்துவிடக் கூடாதே என்று வண்டியை மெல்லக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, அப்போதும் உடனே அணைக்காமல், ஒரு நிமிஷம் அது ஆறுகிறவரை அவள் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அவருடைய வண்டி கெட்டுவிடக் கூடாது என்று.

செண்பகம் பனையோலைப் பொட்டலத்தோடு திரும்பி வந்தாள். கண்ணாடி வழியாக அவரைப் பார்த்ததும் நின்றாள். பிறகு அவளுடைய பக்கத்துக்குப் போகாமல் இந்தப் பக்கம் வந்து கதவைத் திறந்தாள்.

"ரெண்டாம் நம்பர அமுக்கிட்டீயளா" என்றாள்.

ஸ்டீயரிங்குக்கும் சீட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஒரு மனிதன் எதையும் கம்பீரமாகச் சொல்லிவிட முடியாது. யோகா வகுப்பு என்று சொன்னாயே என்று கேட்டார்.

"பாயத்தான் வாராவாரம் சோதன போட்டுட்டு இருந்தீய. எப்பம் வாயத் தொறந்து கேப்பீயன்னு நானும் இருந்தேன்." அவள் பொட்டலத்தை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள். "டிரைவிங் ஸ்கூல்ல வாத்தியாரம்மா ஒருத்தி இருக்கா. நல்லா திட்டுவா."

நான் நன்றாகத்தான் ஓட்டுகிறேன் என்று அவர் சொன்னார். அந்த மோட்டார் சைக்கிள்காரன் வந்த வேகம் அப்படி, நெடுஞ்சாலையில் இடது பக்கம் ஏறுகிறவனை என்ன செய்வது என்றார். அவர் முடிக்கிறவரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். தமயந்தி ஏதாவது சொன்னாளா, ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளை ஏதாவது சொல்லிச்சா என்று கேட்டார்.

"ஒருத்தரும் சொல்லல. கடல நீட்டுவேன்லா, ஒங்களுக்கு." அவள் சாலையைப் பார்த்தாள். "போன வருசத்துலருந்து எடுக்கமாட்டிய. முதல்ல கோவமோன்னு நெனச்சேன். பொறவு ஒருநா கைய மூஞ்சிக்கு நேரா கொண்டாந்தேன், ஒடனே எடுத்தீய. மறுபடி கீழ எறக்கினேன், எடுக்கல. இப்பம் பாலத்துமேலயும் நீட்டிட்டுத்தான் வந்தேன்."

நுங்குக்காரர் அரிவாளைச் சாணைக்கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு பஸ் போனது, வண்டி லேசாக ஆடியது. அந்தக் கை அங்கே இருந்திருக்கிறது. அவர் நேராகப் பார்த்து ஓட்டிக்கொண்டு, இவள் மனசில் என்ன முடிவாகிவிட்டது என்று யோசித்துக்கொண்டு வந்த நேரம் முழுக்க.

"பிள்ளையப் பின்னால வச்சுக்கிட்டு" என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை.

அவர் ஒன்றாம் பொத்தானை அமுக்கினார். சீட்டு அவரை விட்டுவிட்டுப் பின்னால் போயிற்று, அவருடைய அளவுக்கு வந்து நின்றது. முட்டிக்கு இடம் கிடைத்தது. அங்கேயே உட்கார்ந்திருக்கலாம் போல இருந்தது. இறங்கினார். வெயில் முகத்தில் அடித்தது. கதவைத் திறந்து வைத்தபடியே குனிந்து, இரண்டாம் பொத்தானைத் தன் விரலாலேயே மறுபடியும் அமுக்கினார். ஆளில்லாத சீட்டு முன்னால் போய், மேலே எழும்பி, காத்துக்கொண்டு நின்றது. அவர் வண்டியின் முன்பக்கமாக, பானட்டின்மேல் கைவைத்துச் சுற்றிப் போனார். தகரம் கொதித்தது. இடது பக்கத்தில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் உறை கிறீச்சிட்டது, நிஜமாகவே வழுக்குகிறது. இந்தச் சீட்டில் அவர் இதற்கு முன்னால் உட்கார்ந்ததில்லை.

செண்பகம் செருப்பைக் கழற்றிப் பின்னால் போட்டாள். வளையலை மேலே ஏற்றினாள். உள்கண்ணாடியைக் கீழே சாய்த்தாள். மிதித்தாள். வண்டி வழக்கம்போல ஒன்றும் செய்யாமல் இருந்தது. இன்னும் மிதி என்று சொல்ல அவர் வாயைத் திறந்தார். அவள் கூடுதலாக மிதிக்கவில்லை. அப்படியே காலை வைத்துக்கொண்டு, அரிசி கொதிக்கட்டும் என்று அடுப்படியில் நிற்கிற மாதிரி, இருந்தாள். அது வந்தது. முதுகில் ஒரு கை தள்ளியது, ஆனால் மெதுவாக. அந்த விசில் கேட்டது. கேக்கத்தான் செய்யுது என்றாள் அவள்.

இடது கண்ணாடியில் விளக்கு எரிந்தது. அவர் பார்த்தார், ஒன்றுமில்லை. பிறகு கழுத்தை முழுக்கத் திருப்பினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டுகிற தூரத்தில், பால் கேன் கட்டின ஒரு மொபெட்டில் ஒரு கிழவர் வெற்றிலை மென்றுகொண்டு வந்தார். அவர் இவரைப் பார்த்துத் தலையசைத்தார். திரும்பினால் வலது பக்கத்தில் செண்பகம் இருந்தாள். தலையைத் திருப்பாமலே, முழுசாக இருந்தாள். காதோரத்து நரை, மூக்குத்தி, கழுத்து வேர்வையில் ஒட்டின சங்கிலி, ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடித்த விரல்கள். கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இவள் இத்தனை பயப்படுகிறாள் என்பது சேர்ந்தாற்போல இத்தனை நாளும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தும் அவருக்குத் தெரியவில்லை. எந்த இடத்தில் தப்புச் செய்கிறாள் என்று பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கியர், கண்ணாடி, இண்டிகேட்டர். பழக்கம் விடாது. கடைசியில், காகிதத்தில் மிச்சமிருந்த கடலையை எடுத்து ஒவ்வொன்றாக உரித்தார். நகம் வலித்தது, இரண்டு கீழே விழுந்தது. உள்ளங்கையில் வைத்து அவள் பக்கம் நீட்டினார்.

"ஓட்டும்போது திங்கக்கூடாதுன்னு வாத்தியாரம்மா சொல்லிருக்கா" என்றாள் செண்பகம், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "போய் நிறுத்தி, ஒரு நிமிசம் ஆறுனப்பொறவு தாங்க."

கங்கைகொண்டான் வந்து போயிற்று. தாழையூத்துச் சிமெண்டு ஆலையின் புகைக்குழாய் தூரத்தில் தெரிய ஆரம்பித்தது. அவர் கையை மடக்கவில்லை. நீட்டின கை எவ்வளவு நேரத்தில் வலிக்க ஆரம்பிக்கும் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. முதலில் தோள்பட்டையில் ஆரம்பித்தது. பிறகு முழங்கைக்கு வந்தது.